இருபது அடி

1968ஐ 1963 என்று அடித்துவிட்டேன்.
ஐந்து வயது கூடிப்போன நவரட்ணராசா
நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கி நின்றார்.
கோபம் இல்லை.
"பரவாயில்லை அக்கா, பென்ஷன் கெதியா வரும்" என்றார்.
சிரித்தோம். திருத்திக் கொடுத்தேன்.
அவர் இறங்கிப்போன பிறகு
அந்த எட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
எட்டாகவும் இருந்தது.
மூன்றாகவும் இருந்தது.

காலி வீதியில், கண்ணாடிக் கடைக்கு மேலே,
டொக்டர் வீரக்கொடி என் நாடியை
ஒரு குளிர்ந்த விளிம்பில் வைக்கச் சொன்னார்.
என்ன வேலை?
பிறப்பு, இறப்பு, விவாகம் என்றேன்.
அவர் நிமிர்ந்து பார்த்ததால்
மொழிபெயர்ப்பு என்றும் சேர்த்துக்கொண்டேன்.

கண் காய்ந்திருக்கிறதாம்.
எழுத்தைப் பார்த்தால் இமைக்க மறந்துவிடுகிறேனாம்.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
இருபது அடிக்கு அப்பால்
இருபது விநாடி பார்க்க வேண்டும்.
எதை என்று கேட்டேன்.
எதையாவது என்றார்.

வெள்ளவத்தையில் இருபது அடிக்கு எங்கே போவது?
என் அறை பன்னிரண்டு.
சமையலறைச் சுவர்வரை போனால் பதினாறு, அங்கே ஒரு கலண்டர்.
யன்னலுக்கு இத்தனை வருடம் முதுகைக் காட்டியிருந்தவள்
மேசையைத் தனியே இழுத்துத் திருப்பினேன்.
வெளிச்சம் இப்போது இடப்பக்கமிருந்து விழுகிறது.
இரண்டு தொடர்மாடிகளின் இடுக்கில்
ஒரு முழக் கடல் கிடந்தது.

டொரொண்டோ, ஒஸ்லோ, மெல்பேண்.
தூரம் போகிறவர்களின் தாள்களெல்லாம்
என் மூக்கு நுனியில் வந்து நிற்கின்றன.
கறையான் தின்ற தகப்பன் பெயர்கள்,
நீர்பட்டு ஊறிய முத்திரைகள்.
'தெளிவில்லை' என்று எழுதி ஒப்பமிட
எனக்கு அனுமதி உண்டு.
என் கண்ணுக்காக அதை எழுதலாமா
என்று தெரியவில்லை.

போனில் அலாரம் வைத்தேன்.
அடித்தால் நிமிர்வேன், எண்ணுவேன், இமைப்பேன், குனிவேன்.
மூன்றாம் மாதம் இடுக்கில் தூண்கள் எழுந்தன.
பிறகு கம்பிகள். பிறகு அவன்.

ஒட்டுக்கம்பியை ஒரு கையில் பிடித்து,
மறுகையால் முகத்தை மறைத்து,
மறைக்க மறந்து,
வெறுங் கண்ணோடு நீலத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் திரையை இழுத்துவிட்டேன்.
என் இருபது விநாடி வீணானது என்று முதலில் எரிச்சல்.
அடுத்த அலாரத்தில் அவன் குந்தியிருந்து
புறங்கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

என் கண்ணாடியைக் கழற்றி உயர்த்திக் காட்டினேன்.
திரும்பிப் பார்த்தான்.
கண்ணைத் தொட்டேன், அவனைச் சுட்டினேன், கையை விரித்தேன்.
விசர்ப் பெண்பிள்ளை என்று நினைத்திருப்பான்.
தானும் ஒரு கண்ணாடியைக் கழற்றுவது போல
பாவனை செய்து சிரித்தான்.
மூன்று நாள் இதே நாடகம்.
நான்காம் நாள்
கறுப்புக் கண்ணாடி பதித்த ஒரு முகமூடி
அவன் தலையில் தொப்பிபோல் ஏறியிருந்தது.
யார் கொடுத்தார்களோ.
வேலை தொடங்கும்போது அதைக் கீழே தட்டிவிட்டு
என் பக்கம் ஒருமுறை தலையாட்டினான்.

எத்தனை ஆயிரம் பெயர் எழுதியிருக்கிறேன்.
அவன் பெயர் தெரியாது.

இப்போது அங்கே சாம்பல் நிறச் சுவர்.
ஒரு குழாய், அதில் சிலநேரம் ஒரு மைனா.
டொக்டருக்கு இதுவும் இருபது அடிதான்.

இன்று பின்னேரம் வேலையை மூடிவிட்டு
தண்டவாளத்தைக் கடந்து கற்களில் போய் இருந்தேன்.
கண் எட்டுமட்டும் தண்ணீர்.
ஓரத்தில் ஒரு கப்பல், நகர்கிறதா நிற்கிறதா,
எண்ணத் தொடங்கி எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.
கைப்பைக்குள் அலாரம் அடித்தது.
நிறுத்த மறந்திருக்கிறேன்.
இதற்குமேல் எங்கே பார்ப்பது?
குனிந்தேன்.
பெருவிரலில் முத்திரை மை,
அதன்மேல் உப்பு.